மூடிய கதவும் பூட்டிய கதவும்

பிப்ரவரி 3

மாமா,

கதவு பூட்டியிருந்தது. பூட்டியவர் நீங்கள். விசாரணை அதிகாரி முன்னால் போய் நின்று "மூடித்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வந்தவரும் நீங்கள்தான்.

பேப்பரில் படித்தேன். உங்கள் சட்டைக் கம்பெனியில் இஸ்திரி மேசைக்குப் பின்னால் பிடித்த தீ முன்வாசலை அடைத்துக்கொண்டதாம். அதற்குள் வெளியே வந்தவர்கள் பிழைத்தார்கள். மிச்சமிருந்த ஆறு பெண்களும் பின்கதவுக்கு ஓடினார்களாம். அதற்கு மேல் உங்கள் வாக்குமூலம்: "பின்கதவு மூடியிருந்ததே தவிரப் பூட்டப்படவில்லை. உள்பக்கமாக இழுத்துத் திறக்க வேண்டிய கதவு. பதற்றத்தில் பெண்கள் அதன்மேல் நெருக்கியடித்து நின்றதால் திறக்க முடியாமல் போனது. கதவை ஒட்டி நின்றவர் விலகி வழி விட்டிருந்தால் ஆறு பேரும் பிழைத்திருக்கலாம்."

கதவை ஒட்டி நின்றவர் சூப்பர்வைசரின் மனைவி என்று பேப்பரில் இல்லை. நிருபருக்குத் தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரியும் அல்லவா?

என் அக்கா வழியை மறித்தாள் என்று நீங்களாகச் சொன்னீர்களா, அவர்கள் எழுதி வைத்ததற்குத் தலையாட்டினீர்களா? போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அதனால் எழுதிக் கேட்கிறேன். எழுதியே பதில் சொல்லுங்கள்.

சின்னவள்


பிப்ரவரி 11

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்தது. போனில் எதுவும் பேச வேண்டாம், பதிவாகும் என்று கம்பெனி வக்கீல் சொல்லியிருக்கிறார். கடிதத்திலும் கையெழுத்துப் போடாதே என்றார். அதனால் அடியில் என் பெயர் இருக்காது. கோபித்துக்கொள்ளாதே.

வாலு நன்றாக இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். இரட்டைச் சடை போடக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒன்று வானத்தைப் பார்க்கிறது, ஒன்று தரையைப் பார்க்கிறது. "அப்பா, எனக்குக் கொம்பு முளைச்சிருக்கு"ன்னு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். மூடியிருந்தது, பூட்டியிருந்தது என்று எதற்கு இப்படிப் பிரித்துப் பிரித்துக் கேட்கிறாய்? நாம் பேசும்போது இரண்டையும் ஒன்றாகத்தானே சொல்கிறோம். "கடையை மூடிட்டாங்க" என்கிறோம். பூட்டாமலா போயிருப்பார்கள்? பேச்சுவாக்கில் வருகிற வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் உன் அக்கா திரும்பி வந்துவிடுவாளா?

நடந்தது விபத்து. நான் முன்பக்க ஆபீஸ் அறையில் இருந்தேன். எனக்கு வலிக்காது என்று நினைக்காதே, எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது. இந்தக் குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது. வாலுவின் பள்ளிக்கூடம் இந்தத் தெருமுனையில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.


பிப்ரவரி 16

மாமா,

மருந்துக்கடையில் நின்றுகொண்டு நாள் முழுக்க நான் செய்கிற வேலை இதுதான். "மயக்கம் வருது, மாத்திரை குடு" என்று ஒருத்தர் வருவார். "மயக்கமா, தலைசுத்தலா? கண்ணு இருட்டி விழுந்தீங்களா, சும்மா கிறுகிறுன்னு வந்துச்சா?" என்று கேட்பேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்பார். ஒன்று இல்லை. ஒன்றுதான் என்று நினைத்து மாத்திரையைக் கொடுத்தால் ஆள் படுத்துவிடுவார். ஜனங்கள் மாற்றி மாற்றிச் சொல்வதால் வியாதி மாறிவிடுவதில்லை.

கடையை மூடிவிட்டார்கள் என்று சொன்னால் நஷ்டம் யாருக்கும் இல்லை, நாளைக்குப் போய் வாங்கிக்கொள்வோம். மூடிய கதவு கையை வைத்து இழுத்தால் வரும். பூட்டிய கதவுக்கு எத்தனை பேர் எவ்வளவு பலமாக இழுத்தாலும் ஒன்றுதான். நெருப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வார்த்தையாக இருக்கலாம்.

இப்போது நீங்கள் என்னிடம் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்குப் பிணவறைக்குள் வர உங்களால் முடியவில்லை, வெளியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நான்தான் போனேன். ஒரு பிளாஸ்டிக் பையில் அவளுடைய சாமான் என்று கொடுத்தார்கள். ஒற்றைத் தோடு. கருகிப்போன கயிற்றுத் துண்டு. ஒரு சாவி. "வலது கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க, விரலைப் பிரிச்சுத்தான் எடுத்தோம்" என்றார் அந்த ஆள்.

அது என்ன சாவி என்று எனக்குத் தெரியும். போன வருஷம் லீவுக்கு வந்திருந்தபோது அக்கா கழுத்திலிருந்து எடுத்துக் காட்டினாள். துணி திருட்டுப் போகிறது, வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டி வைக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டதாகவும், நீங்கள் பூட்டிவிட்டுச் சாவியை யாருக்கும் தெரியாமல் அவளிடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். நீராவியில் வேகிறவர்கள் யாராவது அவளிடம் வந்து, "அக்கா, காத்து" என்றால் போதும், திறந்து விடுவாளாம். அவர்கள் முற்றத்தில் நின்று மூச்சு விட்டுவிட்டு வந்ததும் திரும்பப் பூட்டுவாளாம். காத்துச் சாவி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்களாம். "உன் மாமா வெளியிலதான் சூப்பர்வைசரு, உள்ளுக்குள்ள நல்ல மனுஷன்" என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாள் தெரியுமா?

கதவு மூடித்தான் இருந்தது என்றால் அவள் கையில் சாவி எதற்கு?

பூட்டியிருந்தது என்றால், சாவி கையில் இருந்தும் ஏன் அவளால் திறக்க முடியவில்லை?

இரண்டாவது கேள்வியை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. புகையில் பூட்டின் துவாரம் தெரியவில்லையா, கை நடுங்கியதா, பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்களா? இறந்துபோன ஆறு பேரில் இளைய பெண்ணுக்குக் கல்யாண வயதுகூட ஆகவில்லை. அவளுடைய அம்மா உங்கள் தெருவில் எல்லார் முன்னாலும் என் முகத்துக்கு நேரே கேட்டாள்: "ஒங்க அக்கா கொஞ்சம் நகந்திருந்தா எம்பொண்ணு வந்திருப்பாளேம்மா." அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது.

சின்னவள்


பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். படித்ததும் நீயும் கிழித்துப் போடு.

அவள் கை நடுங்கியிருக்காது. இருட்டிலேயே திறப்பாள். பூட்டு வேறு.

மேனேஜர் ஒருநாள் மாடி ஜன்னலிலிருந்து முற்றத்தில் மூன்று பெண்கள் நிற்பதைப் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "பூட்டுன கதவுக்கு வெளியில இவங்க எப்படிய்யா முளைச்சாங்க?"ன்னு கேட்டார். புதுப் பூட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். "இன்னைக்கே மாத்து. சாவி ஒன் இடுப்புல இருக்கணும். இல்லன்னா நீ திரும்ப மடிக்கிற மேசைக்கே போயிடு" என்றார். நான் எப்படி மேலே வந்தேன் என்று உனக்குத் தெரியும். பத்து வருஷம் அந்த மேசையில் நின்று சட்டை மடித்தவன். மாற்றினேன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மாற்றினேன்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கு முந்தின நாள் கம்பெனிக் கூடத்தில் வேலை நடுவில் ஒரு பெண் உட்கார்ந்துவிட்டாள் என்று நான் சத்தம் போட்டேன். உன் அக்கா சட்டையை மடித்துக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல் சொன்னாள்: "கழுத்துல பட்டையைக் கட்டுனதும் நல்லாத்தான் குரைக்கிறீங்க." கூடமே சிரித்தது. எனக்குப் பின்னாலும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நான் அவளிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. தட்டை வைப்பாள், சாப்பிடுவேன். வாலுதான் எங்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருந்தாள். "அப்பா, அம்மா உப்புப் போதுமான்னு கேக்குது."

பூட்டை மாற்றியதை ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். மறந்துவிட்டேன் என்று எழுதலாம். அப்படித்தான் முதலில் எழுதியிருந்தேன், அதைத்தான் கிழித்தேன். மறக்கவில்லை. அவளாகப் போய்த் திறந்து பார்க்கட்டும், திறக்காமல் எல்லார் முன்னாலும் மூக்குடைபட்டு நிற்கட்டும், அப்புறம் என்னிடம் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை, தீ பிடிக்கும் வரைக்கும் யாருக்கும் காற்று வேண்டியிருக்கவில்லை போல. பூட்டு மாறிய பிறகு அவள் தன் சாவியை முதல் தடவை எடுத்ததே தீ பிடித்த பிறகுதான்.

ஆபீஸ் அறையில் புதுப் பூட்டின் சாவி என் இடுப்பில் இருந்தது. முன்வாசல் பக்கம் போக முடியவில்லை. சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். ஆனால் பூட்டு உள்பக்கம். கதவுக்கு வெளியில் சாவியை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. அவள் என்ன சொன்னாள் என்று கேட்காதே.

பூட்டியிருந்தது என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி பூட்டியது யார் என்பதுதான். மேனேஜர் எதையும் எழுதித் தரவில்லை. "நான் எப்பய்யா சொன்னேன்?" என்று கேட்டுவிட்டார், இப்போதே. நான் உள்ளே போனால் வாலு யாரிடம் போவாள்?


மார்ச் 4

மாமா,

கிழிக்கவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் ஒரு வயதானவருக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். நல்லவேளை, வாசல்படி இறங்குவதற்குள் ஓடிப்போய் வாங்கிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பரவால்லம்மா" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

உங்களை வெறுக்கத்தான் பேனாவை எடுத்தேன். முழுசாக முடியவில்லை. புருஷன் பெண்டாட்டி பேசாமல் இருப்பது எந்த வீட்டில் இல்லை? மற்ற வீடுகளில் அது ஆறிப்போன சாப்பாட்டோடு முடியும். உங்கள் வீட்டுச் சண்டைக்கு நடுவில் ஒரு பூட்டைக் கொண்டுவந்து வைத்தவன் மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தவன். மூச்சு விட வெளியே வந்த மூன்று பெண்களைப் பார்த்து, அவர்களைத் திருடிகள் என்று நினைத்தவன். அவன் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அக்கா மட்டும் இருக்கிறாள், வழியை மறித்தவளாக.

மறித்தவள் இல்லை அவள். கடைசி வரைக்கும் திறந்துகொண்டிருந்தவள். பின்னால் ஐந்து பேரை வைத்துக்கொண்டு, திறக்கவே முடியாத பூட்டில் சாவியைப் போட்டுப் போட்டுத் திருப்பியவள். இதை அந்தப் பெண்ணின் அம்மாவிடம் நான் சொல்ல வேண்டும். ஆனால் நான் சொன்னால் அக்காவுக்குத் தங்கச்சி பரிந்துகொண்டு வருகிறாள் என்பார்கள். சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இரண்டாவது விசாரணை பதினெட்டாம் தேதி என்று போட்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. மேனேஜர் சொல்லித்தான் பூட்டினேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு.

வாலு யாரிடம் போவாள் என்று கேட்டீர்கள். என்னிடம் வருவாள். எனக்கு ஒரே அறைதான். அவளுக்கு அது போதும். சடையும் நேராகப் போடுவேன்.

சின்னவள்


மார்ச் 12

சின்னவளுக்கு,

வருகிறேன். சொல்கிறேன்.

நேற்று முகம் கழுவும்போது கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை "மூடி" என்றே வாயில் வந்தது. நாக்கு அதற்குப் பழகிவிட்டது. திரும்பவும் சொன்னேன். பூட்டியிருந்தது. வாலு வந்து நின்று, "எதுப்பா பூட்டியிருந்துச்சு?" என்றாள். பீரோ என்று சொன்னேன்.

வக்கீல் இரண்டு தடவை வந்துவிட்டுப் போனார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசுகிறார். வாலுவுக்குக் கலர் பென்சில் கொண்டுவந்தார்.

பதினெட்டாம் தேதி நீயும் வா. நீ இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.


மார்ச் 19

மாமா,

வந்தேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

நடந்ததை உங்களுக்கே எழுதுகிறேன். எழுதி வைக்காவிட்டால், மூடியதைப் பூட்டியது என்கிறாள் என்று நாளைக்கு என்னையும் சொல்லிவிடுவீர்கள்.

அதிகாரி கேட்டார், "கதவு எப்படி இருந்துச்சு?"

"மூடியிருந்துச்சுங்க."

"பூட்டு போட்டிருந்துச்சா?"

நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள். குடித்தீர்கள். டம்ளரை வைக்க இடம் தேடினீர்கள். வக்கீல் எழுந்து வந்து அதை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவ்வளவு அக்கறை.

"இல்லீங்க. பூட்டெல்லாம் போடுறதில்லீங்க."

எனக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் அம்மா உட்கார்ந்திருந்தாள். உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, என்னிடமிருந்து தன் புடவையை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள். ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

கடைசியில் மேனேஜர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். நிர்வாகம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறதாம். வாசித்து முடித்ததும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், மன்னிப்புக் கேட்டுவிட்டதுபோல. வருத்தம் மழை பெய்யாவிட்டால்கூட வரும், மாமா. மன்னிப்புக் கேட்கிறவன், நான் செய்தேன் என்று முதலில் சொல்ல வேண்டும். வெளியே வரும்போது அவர் உங்கள் தோளில் கையைப் போட்டிருந்தார். நீங்கள் அதை எடுத்துவிடவில்லை.

நேற்றே உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு விசாரணை அலுவலகத்துக்குப் போனேன். உங்களை மாட்டிவிட வேண்டும் என்றுதான் போனேன், மறைக்கவில்லை. சாவியையும் கொண்டுபோனேன். அங்கிருந்த கிளார்க் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்து இல்ல. பேரு இல்ல. இது தகவல்மா, சாட்சி இல்ல. ஆளு வந்து நின்னு சொன்னாத்தான் சாட்சி. ஆளு வந்து நின்னு வேற மாதிரியில்ல சொல்லியிருக்காரு?" என்றார். சாவியை மேசையில் வைத்தேன். "வீட்டுச் சாவியா இருக்கும்மா" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். வக்கீல் உங்களுக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

மேலே மனுப் போட்டால் திரும்ப விசாரிப்பார்களாம். அதற்கும் நீங்கள்தான் வர வேண்டும். வருவீர்களா?

சின்னவள்


ஏப்ரல் 2

மாமா,

பதில் இல்லை. கடிதம் திரும்பியும் வரவில்லை. அப்படியென்றால் வாங்கியிருக்கிறீர்கள்.

நான் முறைப்படி மனுக் கொடுத்துவிட்டேன். உங்கள் வாக்குமூலத்தை நீங்களே மாற்றிச் சொன்னால்தான் அது நகரும் என்கிறார்கள். என்ன முடிவு என்று எழுதுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 21

மாமா,

இன்று வாலு வந்து சேர்ந்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தாள். "அவரு வேலைய விட்டுட்டாரா, அனுப்பிட்டாங்களான்னு தெரியலம்மா. வீட்டைக் காலி பண்ணிட்டாரு. பிள்ளைய சித்திகிட்ட விட்டுருங்கன்னாரு. எங்க போறீங்கன்னு நான் கேக்கும்போதே கிளம்பிட்டாரு" என்றாள். வேலையை விடுவதும் வேலையிலிருந்து அனுப்பப்படுவதும் வேறு வேறு என்று நான் அவளுக்கு விளக்கப் போகவில்லை. உங்கள் விஷயத்தில் எதுவாக இருந்தாலும், தோளில் இருந்த கை எடுத்தாகிவிட்டது என்று மட்டும் புரிந்தது. அவர்களுக்கு வேண்டியதை நீங்கள் சொல்லி முடித்துவிட்டீர்கள். இனி நீங்கள் எதற்கு?

வாலுவின் பையைத் திறந்தேன். கவுன்களை எல்லாம் மடிக்கிற மேசையில் சட்டை மடிப்பதுபோல மடித்திருக்கிறீர்கள். கைகளைப் பின்னால் மடக்கி, கழுத்துக்கு அட்டை வைத்து, குண்டூசிகூடக் குத்தி. பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. ஊசி பிள்ளையைக் குத்திவிடும் என்று பிரித்தேன்.

அந்த அம்மாளை அனுப்பிவிட்டு வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளில் கையை வைத்தேன். வாலு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டாதீங்க சித்தி. சும்மா மூடி வைங்க."

ஆறு வயதுப் பிள்ளை, மாமா. பேச்சுவாக்கில் இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு எழுதினீர்களே. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது.

மூடி வைத்தேன். அவள் போய் இழுத்துப் பார்த்தாள். திறந்தது. மூடினாள். திரும்ப இழுத்துப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "அம்மா இருந்த ரூமு மூடியிருந்துச்சா சித்தி, பூட்டியிருந்துச்சா? அம்மா நகராததாலதான்னு ஸ்கூல்ல சொல்றாங்க."

என்னால் சொல்லியிருக்க முடியும். வாயைத் திறந்தும்விட்டேன். ஆனால் என் வாயால் கேட்டால் அது சித்தி சொன்ன கதையாகிவிடும். அப்பாவுக்குத்தான் தெரியும், அப்பா சொல்வார் என்றேன். சரி என்று தலையாட்டினாள். அதிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வாலு யாரிடம் போவாள் என்று கேட்டீர்கள், இங்கே இருக்கிறாள். குவார்ட்டர்ஸ் போய்விட்டது. வேலையும் போய்விட்டது. இனி யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்?

நீங்கள் இருக்கும் இடம் தெரியவில்லை. பழைய முகவரிக்கே போடுகிறேன். தபால்காரருக்கு உங்கள் முகம் தெரியும், எங்காவது பார்த்தால் கொடுப்பார். உள்ளே என் முகவரி எழுதிய கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

சின்னவள்


ஜூன் 9

மாமா,

வாலு இன்றைக்கும் கேட்டாள்.

கதவு எப்படி இருந்தது? சொல்லுங்கள்.